விகுதிகள் கிடக்கும் தட்டு

மூடிய கடையின் பலகை
எங்கள் பட்டறைக்குத்தான் திரும்பி வரும்.
சார்ஜா, பத்தாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
ஒருபக்கம் டயர், ஒருபக்கம் ரேடியேட்டர்,
நடுவில் நாங்கள், அக்ரிலிக்கில் எழுத்து வெட்டுகிறவர்கள்.

முன்சொல்லை உடைத்துத் தொட்டியில் போடுவோம்.
பின்சொல்லை உடைப்பதில்லை.
'சாய்கானா' வந்தால் சாய் போகும், கானா மிஞ்சும்.
துடைத்துத் தட்டில் வைத்தால்
ஆறு மாதத்தில் வேறொரு கடைக்கு ஆகும்.

கானா என்றால் வீடு என்று கரம்தாத் சொல்ல
ஒரு வருஷம் ஆனது.
அதுவரை சாப்பாடு என்று நினைத்தே வெட்டிக்கொண்டிருந்தேன்.
சாப்பாடும் கானாதான்; ஆனால்
வீட்டுக்குத் தொண்டை உரசணும்,
சாப்பாட்டுக்கு உரசக்கூடாது என்றான்.
எனக்கு இரண்டுக்குமே உரசியது.

பலகை கேட்டு வருபவர்களில் ஒருவர்
ஹெதாயத் லாரி.
லாரி வைத்து ஓட்டுகிறார் என்றே நம்பியிருந்தோம்.
லார், ஈரானில் ஓர் ஊராம்.
பின்னால் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால்
ஆள் அந்த ஊர்க்காரன்.
அதே ஈ என் மேலும் உட்கார்ந்திருக்கிறது: மத்ராஸி.
கோவில்பட்டிக்காரன் நான்.
மெட்ராஸைப் பார்த்தது இரண்டே தடவை,
இரண்டும் மெடிக்கலுக்கு.

பசை காயும்வரை லாரி பேசிக்கொண்டிருப்பார்.
'தார்' என்றால் வைத்திருப்பவன்.
நிலம் வைத்திருந்தால் ஜமீன்தார்,
கடன் வைத்திருந்தால் கர்ஸ்தார்.
கடனையுமா சொத்து மாதிரி வைத்திருப்பார்கள் என்றேன்.
அதைத்தான் யாரும் திருட மாட்டார்கள் என்றார்.
எங்கள் பக்கம் கொடுத்தவனும் கடன்காரன்,
வாங்கியவனும் கடன்காரன் என்றேன்.
கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு
இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

'வாலா'வை மட்டும் கைகழுவிவிட்டார்.
அது உங்கள் பக்கத்துச் சரக்கு,
பால என்று ஒரு பழஞ்சொல், காப்பவன்,
உருண்டு தேய்ந்து வாலா ஆனது என்பார்கள்.
கரம்தாத் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.
நான் தனபால்.
அன்றிலிருந்து பட்டறை முழுக்கப் பைசாவாலா.
மூன்று மாதமாகச் சம்பளம் வராத
பைசாவாலா.

நாலாம் மாதம் ஒன்றாம் தேதி,
ராஜிநாமா கொடுக்கப் போகிறேன் என்றேன்.
கரம்தாத் கத்தியை வைத்துவிட்டு
ஓடிவந்து கட்டிக்கொண்டான்.
சபாஷ் என்றான். டீ சொன்னான்.
முதலாளிக்குப் போன் போட்டு
மத்ராஸி ராஜிநாமாவுக்கு வந்துவிட்டான் என்று
பெண்ணுக்கு வரன் அமைந்தமாதிரி கத்தினான்.

அவனுக்கு ராஜி என்றால் இணக்கம், நாமா பத்திரம்;
சண்டை தீர்ந்து
இரண்டு பேரும் கையெழுத்துப் போடும் காகிதம்.
அதே காகிதத்தில்தான் நாங்கள் வேலையை விடுகிறோம்.
எந்தக் கச்சேரியில், எந்தக் குமாஸ்தா கையில்
இந்தப் பக்கமாகப் புரண்டு படுத்ததோ.
திருத்தியிருக்கலாம்.
டீ சூடாக இருந்தது.

சாயங்காலம் முதலாளியே வந்தார்.
ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு மாதச் சம்பளம்.
மூன்றாவது இன்ஷா அல்லா.
முதுகில் தட்டினார்.
சட்டைப் பையில் என் கடிதம்
வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

மறுநாள் லாரி.
புதிதாக ஒன்று போடப்போகிறாராம், அல் கஸ்பா பக்கம்.
பின்னால் கானா இருக்கட்டும்,
முன்னால் என்ன என்று வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.
அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.
முதலெழுத்தின் மேல் ஒரு புள்ளி இல்லை,
அந்தத் தொண்டை உரசுகிற புள்ளி.
டார்ச் அடித்து
மேசைக்கடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.
இதுவரை கிடைத்தது ஒரு திர்ஹம்.